காக்கர் ஸ்பானியல் நாய்களின் நிறப் பரம்பரை

நாய் வளர்ப்போர் இல்லங்களில் அடிக்கடி எழும் வழக்கொன்று உண்டு. தாயும் கறுப்பு, தந்தையும் கறுப்பு; இரண்டும் கலப்பற்ற காக்கர் ஸ்பானியல் ஜாதி. பிறந்த குட்டிகள் ஆறனுள் ஐந்து கரிக்கட்டைபோற் கறுத்திருக்க, ஆறாவது மட்டும் செம்பொன் நிறத்தோடு தாய் மடியிற் கிடக்கின்றது. உடையவர் திகைக்கின்றார். பெட்டையைக் காவல் காத்த வேலைக்காரன்மீது ஐயம் கொள்கின்றார். ஆண் நாயைச் சேர்க்கைக்குத் தந்த நண்பர்மீது ஐயம் கொள்கின்றார். ஒன்றும் அறியாத அப்பெட்டையையும் சினந்து நோக்குகின்றார். அக்குட்டியைப் பிறர் காணுமுன் அப்புறப்படுத்திவிட்டு, ஐந்தே குட்டிகள் பிறந்தன என்று பதிவேட்டில் எழுதியவரும் உளர். இவ்வழக்கில் குற்றவாளி யார் என்பதனை முறையாக விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். விசாரணை சற்று நீளமானது. அன்பர்கள் பொறுமையுடன் உடன்வருவார்களாக.

நிறங்களின் பெயர்களை முதலில் வரையறுத்துக்கொள்வோம். காக்கர் நாய்களுள் ஆங்கிலேயர் சிவப்பென்றும் பொன்னிறமென்றும் கூறுவனவற்றை நாம் செவலை என்றே கூறுவோம். நம் ஊர்களில் மாட்டுக்கும் நாய்க்கும் வழங்கிவரும் சொல் அதுவேயாகும். அவர்கள் ஈரல் நிறம் என்றும் சாக்கலேட் நிறம் என்றும் கூறுவதனைக் காப்பிக்கொட்டை நிறம் என்போம். உடல் முழுவதும் ஒரே நிறமாயிருப்பது முழுநிறம். வெள்ளை நிலத்தில் வேறு நிறத் திட்டுக்கள் பொருந்தியிருப்பது திட்டுநிறம். வெள்ளை மயிரும் நிற மயிரும் எள்ளும் அரிசியும் கலந்தாற்போல் விரவியிருப்பதனை ஆங்கிலத்தில் வழங்கும் ரோன் என்னும் பெயராலேயே குறிப்போம். கறுப்பும் வெள்ளையும் இவ்வாறு விரவியதனை அவர்கள் நீல ரோன் என்பர். தூரத்தே நின்று நோக்கினால் மயிலைக் காளையின் நிறம் நினைவிற்கு வரும்.

இந்நாய் இங்கிலாந்தில் மரக்காடைப் பறவையைப் புதரினின்று எழுப்பும் வேட்டைத் தொழிலுக்கென வளர்க்கப்பட்டது. அப்பறவையின் ஆங்கிலப் பெயரினின்றே காக்கர் என்னும் பெயர் தோன்றிற்று. இங்கிலாந்தின் கென்னல் கிளப் 1873ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அக்காலத்தில் ஒரு ஸ்பானியல் காக்கர் என்று பெயர்பெறுவதற்குப் பெற்றோரைக் காட்டிலும் தராசே முக்கியமாயிருந்தது. எடை 25 பவுண்டுக்குட்பட்டால் காக்கர், மிஞ்சினால் பீல்டு ஸ்பானியல். ஆதலால் ஒரே ஈற்றிற் பிறந்த உடன்பிறப்புக்கள் இரண்டு ஜாதிகளாகப் பிரிவதும் நேர்ந்தது. 1901இல் இவ்வெடை வரம்பு நீக்கப்பட்டது. இக்காலக் காக்கர்களுக்கு மூதாதையாக எண்ணப்படும் ஓபோ என்னும் நாய் 1879இல் பிறந்தது; அது கறுப்பு. அதன் மகன் இரண்டாம் ஓபோ அமெரிக்காவிற் புகழ்பெற்றது. கடல் கடந்த கிளை நாளடைவில் உருவம் மாறி, 1946இல் அமெரிக்கக் கென்னல் கிளப்பால் ஆங்கிலக் காக்கரினின்று தனி ஜாதியாகப் பிரிக்கப்பட்டது. நாம் கூறப்போகும் நிற விதிகளின் அடிப்படை இரு கிளைகளுக்கும் பொதுவே.

இனி வழக்கிற்கு வருவோம். மரபு விதிகளைக் கண்ட மெண்டல் என்னும் துறவி, புரூன் நகர மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை ஆண்டுக்கணக்காக ஒட்டி விளைத்துத் தாம் கண்டதனை 1865இல் அவ்வூர்ச் சங்கத்தில் வாசித்தார். 1900ஆம் ஆண்டு வரையில் அதனை உலகம் பொருட்படுத்தவில்லை. அவர் கண்ட உண்மையின் சாரம் இது: ஒரு பண்பிற்குரிய கூறுகள் ஒவ்வோர் உயிரிடத்தும் இவ்விரண்டாக உள்ளன. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. அவ்வுயிர் தன் சந்ததிக்கு அவ்விரண்டனுள் ஒன்றையே அளிக்கின்றது. இன்னதை அளிக்கும் என்பதற்கு நியமமில்லை. காசைச் சுண்டினாற் பூவோ தலையோ விழுவது போன்றதே. இரண்டு கூறுகளும் வேறுபட்டிருப்பின், ஒன்று ஓங்கி வெளிப்படும்; மற்றொன்று ஒடுங்கி நிற்கும். ஒடுங்கியது அழிந்ததன்று. பாலில் விட்ட நீர்போற் கலந்துவிட்டதுமன்று. பெட்டியின் அடியில் மடித்து வைத்த துணி போல் சிறிதும் நிறம் மங்காமல் அது இருக்கின்றது. இந்த ஓர் எண்ணத்தைப் பற்றிக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

காக்கரிடத்துக் கறுப்பு ஓங்கு பண்பு, செவலை ஒடுங்கு பண்பு. ஆகவே கறுப்பு நாய் இருவகைப்படும். கறுப்புக் கூறு இரண்டும் உடையது ஒருவகை. கறுப்புக் கூறு ஒன்றும் செவலைக் கூறு ஒன்றுமாக உடையது மற்றொருவகை. எத்துணைக் கூர்ந்த கண்ணுடையவரும் பார்வையால் இவற்றைப் பிரித்தறிதல் இயலாது. செவலை நாயோ ஒரே வகையினது. செவலைக் கூறு இரண்டு சேர்ந்தாலன்றி அந்நிறம் தோன்றாது. இனி, நம் வழக்கிலுள்ள தாயும் தந்தையும் இரண்டாம் வகைக் கறுப்பென்று கொள்வோம். தாய் செவலைக் கூற்றைத் தரும் வாய்ப்புப் பாதி. தந்தை தரும் வாய்ப்பும் பாதி. இருவரும் ஒருங்கே அதனைத் தரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பிறந்த செவலைக் குட்டி கள்ளத்தனத்தின் சான்றன்று. தாய் தந்தை இருவரும் எதனை மறைத்து வைத்திருந்தனர் என்பதற்கே அது சான்று. ஒருவரிடத்து மட்டும் அக்கூறு இருந்திருப்பின் அக்குட்டி செவலையாய்ப் பிறந்திராது. ஆகவே பெட்டையை வைத்திருப்பவர் ஆண் நாயின் குலத்தைப் பழிப்பதும், ஆண் நாய்க்குரியவர் பெட்டையின் குலத்தைப் பழிப்பதும் ஒரு சேரத் தவறாம்.

நான்கில் ஒன்று என்றவுடன் சிலர், நான்கு குட்டிகள் பிறந்தால் ஒன்று கட்டாயம் செவலையாதல் வேண்டும் என்று எண்ணிக்கொள்கின்றனர். இயற்கை அவ்வாறு கணக்குத் தீர்ப்பதில்லை. ஒவ்வொரு குட்டிக்கும் காசு புதிதாகவே சுண்டப்படுகின்றது. ஆறு குட்டிகள் உள்ள ஈற்றில் ஒன்றேனும் செவலையாகாமலிருக்கும் வாய்ப்பு எவ்வளவு? முக்காலை ஆறுமுறை தன்னோடு தான் பெருக்கினால் 4096இல் 729 என்று வரும். அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 18. எனவே, இப்பெட்டைக்கும் இவ்வாண் நாய்க்கும் முதல் ஈற்றில் ஆறும் கறுப்பாகவே பிறந்திருத்தல் கூடும். அதனைக் கண்டு, எம் நாய்களின் குலத்தில் செவலை இல்லை என்று உடையவர் பலரிடமும் பெருமை பேசியுமிருப்பார். இரண்டாம் ஈற்றிற் செவலை பிறந்தவுடன் அப்பெருமையே ஐயத்திற்குக் காரணமாகின்றது.

முற்காலத்து வளர்ப்போர் இதனை அறிவதற்கு ஒரு சோதனை வைத்திருந்தனர். ஐயத்திற்குரிய கறுப்பு நாயைச் செவலை ஒன்றனோடு சேர்ப்பர். கறுப்பு நாயிடம் செவலைக் கூறு மறைந்திருப்பின் குட்டிகளுட் பாதியளவு செவலையாதல் வேண்டும். ஏழு குட்டிகள் பிறந்து ஏழும் கறுப்பானால், மறைவு உடையதாயிருந்தும் அவ்வாறு நேர்ந்திருக்கும் வாய்ப்பு 128இல் ஒன்றே. ஆதலால் அந்நாய் முதல்வகைக் கறுப்பென்று பெரும்பாலும் துணியலாம். ஆனால் ஒரு செவலைக் குட்டி பிறந்துவிட்டால் வேறு கணக்கே வேண்டுவதில்லை, விடை முடிந்தது. மறைவு உண்டு என்பதனை ஒரு குட்டியே ஐயமறக் காட்டும். இல்லை என்பதனை நூறு குட்டிகளாலும் முழுவதுமாக மெய்ப்பிக்க முடியாது. விஞ்ஞானம் பயிலும் மாணவர் இவ்வேறுபாட்டை மனத்திற் பதித்துக்கொள்ளுதல் நலம்.

இத்தனையும் அறியாத காலத்தில் மக்கள் வேறு காரணங்களைக் கற்பித்தனர். அவற்றுள் மிகவும் தீங்கு விளைத்தது, முதற் சேர்க்கையின் கறை பிற்காலத்துக் குட்டிகளிலும் தோன்றும் என்னும் கொள்கை. மார்ட்டன் பிரபு என்னும் ஸ்காட்லாந்துக்காரர் தம்முடைய அரபிப் பெண்குதிரையைக் குவாகா என்னும் ஆப்பிரிக்க வரிக்குதிரையோடு சேர்த்தார். பின்னர் அக்குதிரை அரபி ஆண்குதிரைக்கு ஈன்ற குட்டிகளிலும் வரிகள் காணப்பட்டன என்று அவர் ராயல் சங்கத்திற்கு எழுத, 1821இல் அது அச்சாயிற்று. டார்வினும் அதனை எடுத்தாண்டார். நாய் வளர்ப்போர் கேட்பானேன்! தெருநாயோடு ஒருமுறை சேர்ந்த பெட்டை அன்று முதல் கெட்டது என்று தள்ளிவிடும் வழக்கம் வேரூன்றிற்று. எடின்பரோ பேராசிரியர் யூவர்ட் பெனிக்யூக் என்னுமிடத்தில் வரிக்குதிரையைக் கொண்டு அச்சோதனையைத் திரும்பச் செய்து, 1899இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அக்கொள்கைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. குதிரைகளிடத்து வரிகள் கலப்பின்றியும் தோன்றுவதுண்டு. ஆதாரமில்லாத அக்கொள்கையால் எத்தனை நல்ல பெட்டைகள் வீதியில் விடப்பட்டன என்பதனை எண்ணிப் பார்க்கவே வருத்தமாயிருக்கின்றது.

இதனினும் பழைய செய்தி ஒன்றை நம் வாசகர் பலர் அறிவர். ஆதியாகமம் 30ஆம் அதிகாரத்தில் லாபான் தன் மந்தையிலுள்ள புள்ளியும் வரியுமான ஆடுகளைப் பிரித்து மூன்று நாட் பயணத் தூரத்திற்கு அனுப்பிவிடுகின்றான். எஞ்சிய ஒருநிற ஆடுகளை மேய்த்த யாக்கோபு பட்டை உரித்த கொப்புகளை நீர்த்தொட்டியில் வைக்கின்றான். அம்மந்தையிற் புள்ளிக் குட்டிகள் பிறக்கின்றன. தாய் கண்டது குட்டியிற் படியும் என்னும் எண்ணம் அக்காலத்து மேய்ப்பரிடையே இருந்தது போலும். மெண்டலைப் படித்தவரோ, புள்ளியாடுகளை விலக்கிய லாபான் ஒருநிற ஆடுகளுக்குள் ஒடுங்கியிருந்த புள்ளிக் கூற்றை விலக்க முடியவில்லை என்று கூற விழைவர். வேத வியாக்கியானத்தில் நாம் புக எண்ணவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை நீக்கினால் அடியோடு நீங்கிவிட்டதென்று கருதுவது மிகப் பழைய தவறு என்பதற்கு மட்டுமே இதனைச் சுட்டினோம்.

நிறம் உடலில் உண்டாகும் விதத்தையும் சிறிது கூறுதல் வேண்டும். நாயின் மயிருக்கு நிறமளிப்பது மெலனின் என்னும் பொருள். அது இருவகை. யூமெலனின் என்பது கறுப்பு அல்லது காப்பிக்கொட்டை நிறத்தது. பியோமெலனின் என்பது மஞ்சளும் சிவப்புமானது. நிற அணுவின் மேற்புறத்தில் ஒரு வாயில் உண்டு. அவ்வாயிலில் ஏவல் வந்து சேர்ந்தால் அணு யூமெலனினைச் செய்யும், சேராவிட்டால் பியோமெலனினைச் செய்யும். அவ்வாயிலை அமைக்கும் ஜீனுக்கு எம்.சி.1.ஆர். என்பது பெயர். நாய்களில் அதன் செவலை வடிவம் 2000ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அவ்வடிவத்தில் எழுத்தொன்று பிறழ்ந்தமையால் வாயில் முற்றுப்பெறாமலே நின்றுவிடுகின்றது. ஒரு வாயில் நன்றாயிருந்தாலும் ஏவல் உட்சென்றுவிடும். ஆதலாற் கறுப்பு ஓங்கு பண்பாயிற்று. இரண்டும் பழுதானாலன்றிச் செவலை தோன்றாது. ஓங்குதல், ஒடுங்குதல் என்பன ஏதோ அரச குடி அடிமைக் குடி போன்ற ஏற்றத் தாழ்வன்று என்பதும் இதனால் தெளிவாகின்றது. ஒரு கருவி வேலைசெய்கின்றது, மற்றொன்று செய்யவில்லை, அவ்வளவே. இரண்டு செவலைகளுக்குக் கறுப்புக் குட்டி பிறவாது என்பதும் இதனாற் பெறப்படும். இருவரிடத்தும் இல்லாத நல்ல வாயில் குட்டிக்கு எங்கிருந்து வரும்? அவ்வாறு பிறந்தால் அங்கு வேறொரு தந்தையைத் தேடுவது நியாயமே. ஒரே ஈற்றிலுள்ள குட்டிகளுக்கு இரு தந்தையர் இருத்தல் நாய்களிற் கூடும். ஆகவே ஐயம் எப்போதும் மூடத்தனமானது என்று நாம் கூறவில்லை. எங்கே ஐயுறுதல் வேண்டும், எங்கே கூடாது என்பதனை விதியே காட்டும்.

செவலை நாயின் மூக்கை நோக்குவோமாக. உடல் முழுதும் பொன்னிறமாயிருந்தும் மூக்கு மட்டும் பெரும்பாலும் கறுத்திருப்பதைக் காண்போம். எம்.சி.1.ஆரின் பழுது மயிரை மாற்றுமளவு மூக்கின் தோலை மாற்றுவதில்லை. ஆதலால் மயிர் மறைத்த செய்தியை மூக்கு வெளியிட்டுவிடுகின்றது. அச்செய்தி யாதெனின், யூமெலனின் கறுப்பா காப்பிக்கொட்டை நிறமா என்பது. இதனைத் தீர்மானிப்பது டி.ஒய்.ஆர்.பி.1 என்னும் மற்றொரு ஜீன். அதன் பழுதான வடிவங்கள் பொதுவாக மூன்று நாய்களில் வழங்குவதாக 2002இல் வெளியிட்டனர். கறுப்பு இங்கும் ஓங்கு பண்பே. பழுதான வடிவம் எதுவாயினும் இரண்டு சேர்ந்தால் நாயின் கறுப்பெல்லாம், மூக்கு உட்பட, காப்பிக்கொட்டை நிறமாகும். இரு ஜீன்களும் வெவ்வேறு குரோமோசோம்களில் இருப்பதால் ஒன்றையொன்று பாராமல் குட்டிகளுக்குச் செல்லும்.

இங்கே கணக்குச் சுவைபெறுகின்றது. செவலையையும் காப்பிக்கொட்டையையும் ஒருங்கே மறைத்து வைத்திருக்கும் கறுப்பு நாய்கள் இரண்டைச் சேர்த்தால், பதினாறு பங்கில் ஒன்பது கறுப்பு, மூன்று காப்பிக்கொட்டை, நான்கு செவலை என்று விளையும். மெண்டலின் பட்டாணியில் வந்த ஒன்பது, மூன்று, மூன்று, ஒன்று என்னும் வரிசை இங்கு ஏன் சிதைந்தது? செவலை மயிரில் யூமெலனினே இல்லாமையால், அது கறுப்பா காப்பிக்கொட்டையா என்னும் கேள்வி மயிரில் எழுவதற்கே இடமில்லை. அந்நான்கனுள் மூன்று கறுத்த மூக்கும் ஒன்று பழுப்பு மூக்கும் உடையன. இன்னும் வியப்பானது ஒன்று கூறுவோம். கலப்பில்லாத காப்பிக்கொட்டை நாயையும், மறைவொன்றும் இல்லாத கறுத்த மூக்குச் செவலையையும் சேர்த்துப் பார்த்தால், குட்டிகள் அனைத்தும் கறுப்பாகும். கறுப்பில்லாத பெற்றோர் இருவர்க்குக் கறுப்புப் பிள்ளைகள்! ஒருவரிடம் பழுதானது மற்றவரிடம் நன்றாயிருக்கின்றது. எனவே பிள்ளையிடம் இரண்டும் சீராயின. முன்னே இரண்டு செவலைகளுக்குக் கறுப்புப் பிறவாது என்றோம். செவலைக்கும் காப்பிக்கொட்டைக்கும் பிறக்கும் என்கிறோம். கறுப்பல்லாதவை யாவும் ஒன்றே எனக் கொண்டு ஒரே விதியைப் பொருத்தினால், குற்றமற்றவர்மீது மீண்டும் பழி விழும்.

கறுப்பு உடலில் புருவம், கன்னம், மார்பு, கால் ஆகிய இடங்களில் மட்டும் செம்மை தோன்றும் காக்கர்களும் உண்டு. இவ்வமைப்பு, உடல் முழுவதையும் கறுப்பாக்கும் ஓங்கு கூறொன்றன் கீழ் ஒடுங்கி நிற்பது. அக்கூறுடைய ஜீன் சி.பி.டி.103 என்பது, 2007இல் கண்டறிந்தனர். முன்னர்க் கிருமிகளை எதிர்க்கும் பொருளாகவே அறியப்பட்ட ஒன்று நாயின் நிறத்தை ஆள்வது கண்டு ஆராய்ச்சியாளர் வியந்தனர். அமெரிக்காவில் ஜாக்சன் ஆராய்ச்சிச்சாலையை 1929இல் நிறுவிய லிட்டில் என்பார், நாய்களின் நிற மரபைப் பற்றி 1957இல் வெளியிட்ட பெருநூலில், முழுக் கறுப்பை வேறொரு ஜீனின் வடிவமாகக் கருதியிருந்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்துத் திருத்தம் வந்தது. ஜீன்களைக் கண்ணாற் காணாமல், பிறந்த குட்டிகளின் நிறங்களை மட்டும் எண்ணி எண்ணி அவர் ஊகித்தவற்றுட் பல இன்றும் நிலைத்திருப்பதே பெரிது. அவ்வெண்ணிக்கைக்கு அடிப்படை வளர்ப்போர் எழுதிவைத்த பதிவேடுகள் போன்றவை என்பதனையும், அப்புறப்படுத்திய ஆறாவது குட்டி அத்தகைய ஏட்டில் ஏறுவதில்லை என்பதனையும் இங்கே நினைவூட்டுகின்றோம்.

திட்டுநிறமும் ஏறத்தாழ ஒடுங்கு பண்பே; முழுநிறப் பெற்றோர் இருவர்க்கு வெள்ளைத் திட்டுள்ள குட்டி பிறத்தல் கூடும். இதற்குரிய ஜீன் எம்.ஐ.டி.எப். எனப்படும். இங்கு ஓங்குதல் முழுமையாயில்லை. ஒரு திட்டுக் கூற்றை மறைத்து வைத்திருக்கும் நாயின் மார்பிலோ விரல் நுனியிலோ சிறிது வெள்ளை எட்டிப் பார்ப்பதுண்டு. முழுநிறக் காக்கருக்கு மார்பிலன்றி வேறெங்கும் வெள்ளை ஆகாது என்று கண்காட்சி விதி கூறுவதால், முழுநிறத்தாரும் திட்டுநிறத்தாரும் ஒருவர் நாயை மற்றவர் நாயோடு சேர்க்க அஞ்சி, ஒரே ஜாதிக்குள் இரு குடிகளாக நெடுங்காலம் வாழ்ந்து வருகின்றனர். ரோன் நிறத்தைப் பற்றி எச்சரிக்கை ஒன்று கூறுவோம். ரோன் குட்டி பிறக்கும்பொழுது வெள்ளையும் திட்டுமாகவே பிறக்கும்; வாரங்கள் செல்லச் செல்லத்தான் வெள்ளையினூடே நிற மயிர் முளைத்து விரவும். பிறந்த மறுநாளே நிறத்தை எழுதிவிடும் அவசரக்காரரின் ஏட்டில் நீல ரோன்கள் கறுப்பு வெள்ளைகளாகவே நின்றுவிடுகின்றன. பிறகு அவற்றின் சந்ததியில் ரோன் தோன்றினால், இல்லாத பாட்டனைத் தேடி அலைவர். ரோன் ஓங்கு பண்பாதலின், பெற்றோருள் ஒன்றேனும் ரோனாயிருந்தாலன்றி அது குட்டியில் தோன்றுவது அரிது.

செவலையிலே இளம்பொன் முதல் ஆழ்ந்த செம்மை வரையில் காணும் படிகளை ஒரு ஜீனால் விளக்க இயலாது. பல கூறுகள் சேர்ந்து அதனை ஆள்கின்றன. அதனை இங்கு விடுகின்றோம். நிறத்தையும் குணத்தையும் இணைத்துப் பேசுவோர்க்கு ஒரு சொல். 1996இல் பாட்பர்செக், செர்பெல் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் இங்கிலாந்தில் காக்கர் வளர்ப்போரிடம் வினாத்தாள் அனுப்பித் தொகுத்ததில், முழுநிறக் காக்கர்கள் திட்டுநிறத்தவற்றினும், செவலைகள் கறுப்பினும், சினம் மிக்கவையாக உடையவர்களாற் கூறப்பட்டன. இது சராசரி பற்றிய செய்தி. இரு குடிகளாகப் பிரித்து வளர்த்த நாய்களில், நிறத்தோடு வேறு பல கூறுகளும் குடிவாரியாகச் சென்றிருக்கலாம் அன்றோ? செவலை மயிரே சினத்தை உண்டாக்குகின்றது என்று அதனின்று துணிதல் தகாது.

இதுகாறும் கூறியது நிறம். செவலைக் குட்டி பிறந்தால் உடையவரின் பெருமைக்கே கேடு. குட்டிக்கு ஒரு கேடுமில்லை. ஆனால் அதே விதியின்படியே ஒளிந்து செல்லும் வேறொன்று ஆங்கிலக் காக்கர்களிடம் உண்டு. அது குலவழிச் சிறுநீரக நோய். சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் மெல்லிய சவ்விற்கு நான்காம் வகைக் கொலாஜன் என்னும் பொருள் இன்றியமையாதது. அதனைச் செய்யும் ஜீன்களுள் ஒன்றாகிய சி.ஓ.எல்.4.ஏ.4 என்பதிற் பழுது நேர்ந்து, அப்பழுது இரண்டும் ஒரு குட்டியிற் சேருமாயின், வடிகட்டி சிதைகின்றது. குட்டி பிறக்கும்பொழுது மற்றவற்றைப் போலவே துள்ளி விளையாடும். பின்னர் நீர் மிகுதியாகக் குடிக்கும், மெலியும், ஆறு மாதத்திற்கும் இரண்டு ஆண்டுக்கும் இடையில் பெரும்பாலும் இறந்துவிடும். மருந்தில்லை. பழுது ஒன்று மட்டும் உடைய நாயோ முழு நலத்துடன் வாழ்ந்து, கண்காட்சியிற் பரிசும் பெற்று, பல ஈற்றுக்களுக்குத் தந்தையாகும்.

செவலைக்குச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் இதற்கும் பொருந்துவதனை வாசகர் காண்பார்கள். நலமுடைய இருவர்க்கு நோய்க்குட்டி பிறப்பின், இருவரும் மறைவுடையோர். ஒருவரை மட்டும் பழித்தல் தவறு. ஆறு குட்டிகளும் நலமாயிருந்த முதல் ஈறு ஒன்றையும் மெய்ப்பிப்பதில்லை. ஒரு வேற்றுமை மட்டும் உண்டு, அது பெரிது. செவலைக் குட்டியைப் பிறந்த அன்றே காணலாம். நோய்க்குட்டி விற்கப்பட்டு வேறொருவர் வீட்டில், சிறுவர்கள் அதற்குப் பெயரிட்டுப் பழகிய பின்னர் இறக்கும். அச்செய்தி வளர்த்து விற்றவரை எட்டாமலும் போகும். எட்டினால், உணவின்மீதும் தட்பவெப்பத்தின்மீதும் பழி போட்டுவிடுதல் எளிது. ஆறாவது குட்டியை மறைத்துப் பழகிய கை இதனையும் மறைக்கும் என்பதே நம் அச்சம். இங்ஙனம் மறைந்துவந்த பழுது எது என்பது 2007இல் வெளியாயிற்று. அதன் பின்னர், கன்னத்தின் உட்புறத்தைச் சிறு துடைப்பானால் தடவி அனுப்பினால், நாய் பழுதற்றதா, மறைவுடையதா, நோய்க்குரியதா என்பது குட்டி ஒன்றும் பிறவாமலே தெரிந்துவிடும். நிறக் கூறுகளுக்கும் இத்தகைய சோதனை உண்டு. நிறச் சோதனைக்குப் பணம் செலவிட்டுச் சிறுநீரகச் சோதனையை விட்டுவிடுவது, வீட்டிற்கு வண்ணம் தீட்டிவிட்டு உத்தரத்தின் கரையானைப் பாராதிருத்தல் போலும்.

மறைவுடைய நாய்களையெல்லாம் ஒரேயடியாக விலக்கிவிடலாமே என்பர் சிலர். அதுவும் சரியன்று. சில மூதாதையரினின்று பெருகிய ஜாதி இது. ஒரு பழுதிற்காகப் பல நல்ல நாய்களை விலக்கினால் எஞ்சியவை நெருங்கிய உறவாகவே சேர நேரும்; அவற்றுள் ஒளிந்திருக்கும் வேறு பழுதுகள் அப்பொழுது வெளிப்படும். மறைவுடையதைப் பழுதற்றதோடு மட்டும் சேர்த்தால் நோய்க்குட்டி ஒன்றும் பிறவாது. குட்டிகளுட் பாதியளவு பழுதும் இன்றி இருக்கும். அவற்றினின்று தெரிந்தெடுத்துக்கொண்டு சில தலைமுறைகளில் அப்பழுதைக் குறைத்துவிடலாம். இதற்கு வேண்டுவது பொறுமையும் உண்மையான ஏடும்.

இனி மாணவர்க்கு ஒரு பயிற்சி. கறுத்த மூக்குடைய செவலைப் பெட்டை ஒன்று. காப்பிக்கொட்டை ஆண் ஒன்று. பிறந்தவை ஆறு: கறுப்பு இரண்டு, காப்பிக்கொட்டை ஒன்று, கறுத்த மூக்குச் செவலை இரண்டு, பழுப்பு மூக்குச் செவலை ஒன்று. உடையவர், கறுப்பில்லாத பெற்றோர்க்குக் கறுப்பு இரண்டு பிறந்தமையால் ஏமாற்று நிகழ்ந்தது என்கின்றார். விடை கூறுக.

செவலைக் குட்டிகள் பிறந்தமையால் காப்பிக்கொட்டைத் தந்தையிடம் ஒரு செவலைக் கூறு மறைந்திருந்தது. காப்பிக்கொட்டைக் குட்டியும் பழுப்பு மூக்குக் குட்டியும் பிறந்தமையால் செவலைத் தாயிடம் ஒரு காப்பிக்கொட்டைக் கூறு மறைந்திருந்தது. அவ்வாறாயின் நான்கு வகையும் சம வாய்ப்புடையன. கறுப்பும் அவற்றுள் ஒன்று. நிறத்தைப் பொறுத்தவரையில் வேறொரு தந்தையைத் தேடவேண்டிய காரணம் ஒன்றுமில்லை. கறுப்பிரண்டும் இருவகை மறைவும் உடையன என்பதனையும் சோதனையின்றியே எழுதிவைக்கலாம். அவ்வாறு குட்டிகளின் சிறுநீரகங்களைப் பற்றி மட்டும், நிறங்களை எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும், நம்மால் ஒன்றும் கூற இயலாது. அதற்குத் தாய் தந்தை இருவர் கன்னத்தினின்றும் எடுத்த துடைப்பான்களை அனுப்புதல் வேண்டும். இருவரும் மறைவுடையவர் என விடை வரின், வாங்கிச் சென்ற ஆறு வீட்டார்க்கும் கடிதம் எழுதுதல் வேண்டும்.